வாணிகத் திறனும் ஆட்சித் தகுதியும்

தேர்தல் வருந்தோறும் நம்மிடையே ஒரு வாதம் தலைதூக்குகிறது. “நட்டத்தில் கிடந்த நிறுவனத்தை இலாபத்திற்குக் கொண்டுவந்தவர், நாட்டையும் அவ்வாறே உயர்த்துவார்” என்பதே அது. இவ்வாதம் எடைக்கு நிற்குமா என்பதைப் பினாங்கு மக்களாகிய நாம் சிறப்பாக எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஏனெனில், ஜார்ஜ் டவுன் துறைமுகத்தின் வரலாறே ஒரு வணிகரின் ஆட்சியோடுதான் தொடங்குகிறது.

1786 ஆகஸ்டு 11ஆம் நாள் இங்கு ஆங்கிலக் கொடியை ஏற்றிய பிரான்சிஸ் லைட் ஒரு கப்பல் வணிகர். கிழக்கிந்தியக் கம்பெனி அவரையே தீவின் கண்காணிப்பாளராக்கியது. சுங்கவரியில்லாத் துறைமுகத்தை அவர் அமைத்தார்; கப்பல்கள் வந்து குவிந்தன; காடு நகராயிற்று. வாணிகக் கண்கொண்டு நோக்கின் இது பெருவெற்றியே. ஆயினும், ஆட்சிப் பொறுப்பிலிருந்துகொண்டே அவர் ஜேம்ஸ் ஸ்காட்டுடன் கூட்டு வாணிகமும் நடத்தினார். விதி வகுப்பவரும் அவ்விதியின்கீழ் இலாபம் தேடுபவரும் ஒருவரேயாயினர். சயாமுக்கு எதிராகப் பாதுகாப்பு வேண்டியே கெடா சுல்தான் தீவை அளிக்க இசைந்தார். கம்பெனியோ அப்பொறுப்பை ஏற்க மறுத்தது. 1791இல் போர் மூண்டது. முடிவில், சுல்தானுக்கு ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் என உடன்படிக்கை ஆயிற்று. 1821இல் சயாம் கெடாவைத் தாக்கியபோது அம்மக்கள் பட்ட துயரை நட்டமென்று எழுத, கம்பெனிக் கணக்கேட்டில் இடமேது?

அண்மைக் காலச் சான்றும் உண்டு. மல்டி பர்ப்பஸ் ஹோல்டிங்ஸ் நிறுவனத்தை வளர்த்த புகழே டான் கூன் சுவானுக்கு அரசியல் ஏணியாயிற்று. 1985 நவம்பரில் அவர் மலேசியச் சீனர் சங்கத்தின் தலைவரானார். சில நாள்களிலேயே அவர் தொடர்புடைய பான் எலெக்ட்ரிக் நிறுவனம் நிலைகுலைந்தது. டிசம்பர்த் தொடக்கத்தில் சிங்கப்பூர், கோலாலம்பூர் பங்குச் சந்தைகள் மூன்று நாள் மூடப்பட்டன. 1986இல் சிங்கப்பூர் நீதிமன்றம் அவருக்கு இரண்டாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அவர் தலைமைப் பதவியைத் துறந்தார். குற்றச்சாட்டு பிழையான சட்டப் பிரிவின்கீழ் அமைந்ததென, வழக்கைத் தொடுத்த அரசு வழக்குரைஞரே 2012இல் தம் நூலில் எழுதினார். ஆதலின், அவர் குற்றத்தை எடைபோடுவது நம் நோக்கமன்று. பங்கு விலையின்மேல் எழுப்பிய தலைமை, பங்கு விலையோடு சரியும் என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

வணிகர்க்கு ஆட்சியில் இடமே இல்லை என்பது என் கருத்தன்று. கணக்கறிவும் காலத்தே முடிவெடுக்கும் துணிவும் ஆட்சிக்குத் தேவையே. ஆனால், அவை நிறுவனத் தலைவர்க்கே உரிய தனிச்சொத்து அல்ல. 1969இல் பினாங்கின் முதலமைச்சரான லிம் சோங் இயூ ஒரு மருத்துவர். வேலையின்மை வாட்டிய மாநிலத்தில், 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக மண்டலம் உருவாக வழிவகுத்தவர் அவரே.

நிறுவனத்திற்கும் நாட்டிற்கும் உள்ள அடிப்படை வேற்றுமை யாது? இலாபந்தராத கிளையை நிறுவனம் மூடிவிடலாம். ஏழை மாவட்டத்தை அரசு மூட இயலாது. பின்தங்கிய மாணவரை வெளியேற்றித் தேர்ச்சி விழுக்காட்டை உயர்த்தும் தலைமையாசிரியரை நல்லாசிரியர் என்போமா? யாரையும் விலக்காமல் அனைவரையும் கரைசேர்ப்பதே பள்ளியின் கடன். நாட்டின் கடனும் அதுவே.

வள்ளுவர் பொருளீட்டலின் சிறப்பைப் ‘பொருள் செயல்வகை’யில் தனியே உரைத்தார். பொறுப்புக்கு உரியவரைத் தேர்ந்தெடுக்கும் முறையைத் ‘தெரிந்து தெளிதல்’ என்னும் அதிகாரத்தில் வைத்தார். அங்கும் அவர் கூறும் நால்வகைச் சோதனைகளுள் பொருளும் ஒன்றாக வருகிறது. நுட்பம் இங்கேதான் உள்ளது: பொருளை அவர் தகுதியாகக் கூறவில்லை, தேர்வாகவே கூறுகிறார். எவ்வளவு ஈட்டினார் என்பதன்று, பொருள் எதிரே நின்றபோது எவ்வாறு நடந்தார் என்பதே வினா. வாக்குக் கேட்டு வரும் செல்வரிடம் நம் மாணவர் நாளை கேட்கவேண்டிய வினாவும் இதுவே.