என்ன பரல்?

கோவலன் கொலைக்குப் பாண்டியனின் அவசரத்தைக் காரணம் சொல்வது நம் வழக்கம். ஊடிய அரசியைச் சமாதானப்படுத்தப் போகிற வழியில் யோசிக்காமல் ஆணையிட்டுவிட்டான் என்போம். செல்லூர் டீக்கடையில் கேட்டால் இன்னும் இரக்கமான தீர்ப்பு கிடைக்கலாம்: “அவரு என்னண்ணே செய்வாரு? அரண்மனைத் தட்டானே வந்து சொல்றான்ல.”

இந்த டீக்கடைத் தீர்ப்பைத் தத்துவத்தில் அகவாதம் எனலாம். நம்புகிறவர் மனசுக்குள் இருக்கும் காரணங்களை வைத்தே அவர் நம்பிக்கை நியாயமானதா என்று பார்ப்பது. எக்ஸ்டர்னலிசம், அதாவது புறவாதம், வேறு கேள்வி கேட்கும்: அந்த நம்பிக்கை வந்த வழி, உண்மையை நம்பகமாகப் பிடிக்கிற வழிதானா? 1979இல் ஆல்வின் கோல்ட்மன் இந்தக் கேள்விக்குத் தெளிவான வடிவம் கொடுத்தார். வழி மோசமென்றால், நம்புகிறவருக்கு அது தெரியாவிட்டாலும் நம்பிக்கை நியாயமாகாது.

பாண்டியன் சோதிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. சிலம்பு அவன் கையில் இருந்தால் கொல்லுங்கள் என்கிறான். அந்த ‘இருந்தால்’ ஒரு சோதனைதான். சிலம்பும் இருந்தது. ஆனால் திருடியவனிடமும் சிலம்பு இருக்கும், மனைவியின் சிலம்பை விற்க வந்தவனிடமும் இருக்கும். இருவரையும் பிரித்துக் காட்டாத சோதனை அது. சாஃப்ட்வேர்காரர்களுக்கு இது தெரிந்த சங்கதி: கோடு சரியோ தப்போ, எப்போதும் ‘பாஸ்’ என்றே காட்டும் டெஸ்ட்.

கண்ணகி செய்வதுதான் பிரித்துக் காட்டும் சோதனை. அரசியின் சிலம்பில் முத்து, அவள் சிலம்பில் மாணிக்கம். உடைத்தால் தெரிந்துவிடும்.

இதில் வலிக்கிற விஷயம் ஒன்று உண்டு. தன் சிலம்பின் பரல் முத்து என்று அவையில் சொன்னதே பாண்டியன்தான். தேவையான தகவல் அவன் மனசுக்குள்ளேயே இருந்தது. ஆணைக்குப் போன வழி அதைத் தொடவே இல்லை. உள்ளே நல்ல காரணம் இருப்பது போதாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

தெரியாமல் செய்ததை மன்னிக்கலாம், ஆனால் அதனால் அது நியாயமாகிவிடாது என்று புறவாதிகள் பிரிப்பார்கள். இளங்கோவின் பாண்டியன் மன்னிப்பைக்கூடக் கேட்கவில்லை. பொற்கொல்லன் பேச்சைக் கேட்டேன் என்பதை அவன் சாக்காகச் சொல்லவில்லை, தன்மேல் சுமத்தும் குற்றமாகவே சொல்லி விழுந்து சாகிறான். டீக்கடையைவிட அவன் தீர்ப்பு கடுமையானது. ஒரு சொல்லில் உயிரை எடுக்க முடிகிறவனுக்கு அதுதான் சரியான தீர்ப்பு.

கோவலனை அவைக்கு அழைத்து “உள்ளே என்ன பரல்?” என்று கேட்டிருந்தால் போதும்.