மார்ச் குடும்பமும் மறைந்துபோன வீட்டுக்காரரும்

லூயிசா மே அல்கொற் எழுதிய ‘லிட்டில் விமன்’ நாவலின் முதற் பாகத்தைச் சென்ற தவணையில் உயர்வகுப்பு மாணவியர் சிலருடன் சேர்ந்து படித்தேன். படித்து முடித்த அன்று அவர்களுள் ஒருத்தி, “ஹம்மல் வீட்டாருக்குப் பிறகு என்ன நடந்தது, ரீச்சர்?” என்று கேட்டாள். சகோதரிகள் நால்வருள் யார் யாரை மணப்பார் என்பதே வழமையாக எழும் கேள்வி. அதனை எதிர்பார்த்திருந்த எனக்கு இக்கேள்வி சற்று வெட்கத்தைத் தந்தது; நானும் ஹம்மல் வீட்டாரை மறந்துதான் போயிருந்தேன். இதைக் கேள்வியுற்ற நண்பர் ஒருவர், நல்ல முற்போக்குவாதி, அந்நூல் சிறுமுதலாளித்துவ வர்க்கத்தின் பக்திக் கதை என்றும், அதனை வகுப்பறைக்குக் கொண்டுவந்ததே தவறு என்றும் தீர்ப்பளித்தார். நூலைப் படியாமலே தீர்ப்புச் சொல்லும் பழக்கம் எம்மவரிடையே ஒரு நோயாகவே உள்ளது. அல்கொற்றை நிராகரிப்பதாயினும், முதலில் அம்மாணவிக்கு விடை கூறியாக வேண்டும்.

1868இல் வெளிவந்த முதற் பாகம் ஒரு நத்தாரில் தொடங்கி மறு நத்தாரில் முடிகின்றது. களம் அமெரிக்காவின் வடபகுதி. காலம், 1861 தொடக்கம் 1865 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரின் காலம். தந்தையார் மார்ச், படையினருக்குக் குருவாகப் பணிபுரியச் சென்றுள்ளார். முன்னர் நண்பர் ஒருவருக்கு உதவப் போய்ப் பொருளை இழந்தவர் அவர். ஆதலால் மூத்தவள் மெக் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுக்கிறாள். அடுத்தவள் ஜோ, செல்வம் படைத்த உறவுக் கிழவி ஒருத்திக்கு ஏவல் செய்கிறாள். கார்த்திகைக் குளிரில் தந்தி வருகின்றது: தந்தையார் வாஷிங்ரனில் நோயுற்றுக் கிடக்கிறார். தாயின் பயணச் செலவுக்கு ஜோ தன் கூந்தலை 25 டொலருக்கு விற்கிறாள். தாய் வீட்டில் இல்லாத வேளையில் மூன்றாமவள் பெத் செங்காய்ச்சலுற்று மரணத்தின் வாயில்வரை செல்கிறாள். அவள் தேறுகிறாள், தந்தையார் நத்தாருக்கு வீடு திரும்புகிறார், மெக்குக்குத் திருமணம் நிச்சயமாகின்றது.

இவ்வோராண்டை அல்கொற் ஒரு யாத்திரையாக அமைத்துள்ளார். ஜோன் பனியன் 1678இல் வெளியிட்ட நூலே அதற்கு முன்மாதிரி. அந்நூலைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை பாடிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) வாயிலாகத் தமிழ் படித்தோருக்கு அது அந்நியமன்று. பனியனின் யாத்திரிகன் முதுகிற் சுமந்த பாவச்சுமை, இங்கே நான்கு பெண்களின் குணக்குறைகளாக மாறுகின்றது. மெக்குக்கு ஆடம்பர ஆசை, ஜோவுக்குக் கோபம், பெத்துக்குக் கூச்சம், கடைக்குட்டி ஏமிக்குத் தற்பெருமை. இச்சுமைகளை இறக்கி வைப்பதே ஆண்டு முழுவதற்குமான முயற்சி.

இதில் உயர்ந்த அம்சம் ஒன்று உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. தந்தையார் குருவாயிருந்தும் முதற் பாகத்தில் அவர் பிரசங்கம் செய்யும் காட்சி கிடையாது. விசுவாசம் செயலாகவே காட்டப்படுகின்றது. ஹம்மல் என்னும் ஜெர்மானியக் குடியேறிப் பெண்ணின் ஆறு பிள்ளைகள் அடுப்பில் நெருப்பின்றி ஒரே கட்டிலில் ஒடுங்கிக் கிடக்க, பிறந்த குழந்தை ஒன்றும் உண்டு எனக் கேட்டதும், நத்தார்க் காலையுணவை அப்படியே கூடையில் இட்டுக்கொண்டு தாயும் மக்களும் தெருவில் இறங்குகின்றனர். தான் பெரும்பாலும் நாள்தோறும் கோபம் கொள்பவளே என்று தாய் மகளிடம் ஒப்புக்கொள்ளும் இடமும் பக்தி நூல்களிற் காணுதற்கு அரியது.

எனினும் நூலின் நடுநரம்பு பதினேழாம் அத்தியாயத்திலேயே ஓடுகின்றது. ஹம்மல் வீட்டாரை மறவாதீர்கள் என்று சொல்லிவிட்டுத் தாய் வாஷிங்ரனுக்குச் சென்றுள்ளாள். மெக்குக்குக் களைப்பு, ஜோவுக்குத் தடிமன், எழுத்து வேலையும் உண்டு. பெத் தனியே போகிறாள். நோயுற்ற குழந்தை அவள் மடியிலேயே உயிர் விடுகின்றது. அங்கு வரும் வைத்தியர், முன்னரே அழைத்திருக்க வேண்டும் என்று சினக்கிறார். தான் ஏழை என்றும், தானே குணப்படுத்த முயன்றதாகவும் கூறும் அத்தாய், மற்றப் பிள்ளைகளையாவது பார்க்கும்படி வேண்டுகிறாள். கூலிக்குத் தருமத்தையே நம்ப வேண்டியவளாயிருக்கிறாள். வைத்தியருக்கும் வறியவளுக்கும் இடையில் நிற்பது பணமே என்பதை நாவல் இங்கு ஒரு கணம் சொல்லிவிடுகின்றது. மறுகணமே பார்வை திரும்பி விடுகின்றது. குற்றம் யாருடையது? போகாமல் இருந்த சகோதரிகளுடையது என்கிறது கதை. ஜோ அழுகிறாள், தன் தன்னலமே தங்கையை வீழ்த்தியதென நோகிறாள். வாசகரும் அவளுடன் சேர்ந்து அழுகின்றனர்.

இக்கட்டத்தில் அல்கொற்றின் சொந்தக் குடும்பத்துக்குத் திரும்புதல் அவசியமாகின்றது. பெத்தின் மூலவடிவம் அவரது தங்கை எலிசபெத். 1856இல், குடும்பம் நியூ ஹம்ஷயரில் உள்ள வோல்போலில் வசித்தபோது, தாயார் பராமரித்த ஏழைக் குழந்தைகளிடமிருந்து எலிசபெத்துக்கு இதே காய்ச்சல் தொற்றியது. முன்னர் பன்றிகள் அடைக்கப்பட்ட நிலவறை ஒன்றின் மேலேயே அக்குழந்தைகள் வாழ்ந்தனர். வீட்டுக்காரர் அதனைத் துப்புரவாக்க மறுத்தார். அவர் யார்? திருச்சபையில் ‘டீக்கன்’ பதவி வகித்தவர்! வழக்குத் தொடரப் போவதாகத் தாயார் மிரட்டிய பின்னரே அவர் இணங்கினார். அதற்குள் அவ்வீட்டுக் குழந்தைகள் இருவர் இறந்துவிட்டனர். எலிசபெத் முற்றாகத் தேறாமல் 1858இல் இறந்தார். இவற்றையெல்லாம் லூயிசா தம் நாட்குறிப்பிற் பதிந்துள்ளார்.

நாவலில் காய்ச்சல் இருக்கின்றது; குழந்தையின் சாவு இருக்கின்றது; பெத்தின் தியாகம் இருக்கின்றது. வீட்டுக்காரர் மட்டும் இல்லை. பன்றிக் கிடங்கும் வழக்கு மிரட்டலும் அவரோடு போய்விட்டன. அவர் நின்ற வெற்றிடத்தில் பதினைந்து, பதினாறு வயதுப் பெண்களின் சோம்பல் வந்து நிற்கின்றது. சமூகத்தின் குற்றம் தனிமனித மனச்சாட்சியின் குற்றமாக உருமாறும் விதத்தை இதனினும் தெளிவாகக் காட்டும் உதாரணத்தை நான் கண்டதில்லை.

இதற்கு யாத்திரை என்ற வடிவத்தைக் குறை கூறுவாருமுளர். நான் உடன்படேன். பித்தளைப் பாத்திரம் திருத்தித் திரிந்தவர் பனியன். அனுமதியின்றிப் பிரசங்கித்தமைக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிருந்தவர். அதிகாரம் எத்தன்மையது என்பதை அவர் அறிவார். அவருடைய மாயச் சந்தையில் ‘விசுவாசி’ என்னும் யாத்திரிகன் நோயினால் இறக்கவில்லை. வன்மம் கொண்ட நீதிபதியும் அவனுக்கேற்ற யூரிமாரும் சேர்ந்து அவனைக் கொல்கின்றனர். பெத் நோயுறும் அத்தியாயத்துக்கு அல்கொற் இட்ட தலைப்பு, அந்த ‘விசுவாசி’யின் பெயரையே அவளுக்குச் சூட்டுகின்றது. பெயர் வந்தது, நீதிபதி வரவில்லை. மாயச் சந்தையும் மெக் இரவல் பட்டுடுத்து விருந்துக்குப் போகும் ஓர் இரவாகச் சுருங்கிவிடுகின்றது.

போரைப் பற்றியும் இதுவே நிலை. உண்மையில் போர்ச் சேவைக்குச் சென்றவர் தந்தையார் அல்லர், லூயிசாவே. 1862இன் இறுதியில் வாஷிங்ரனை அடுத்த ஜோர்ஜ்ரவுனில் படையினர் வைத்தியசாலைத் தாதியாகச் சேர்ந்து, நெருப்புக் காய்ச்சலால் வீழ்ந்து, தந்தையாரால் வீட்டுக்கு அழைத்துவரப்பட்டவர் அவர். நோயிலே அவரது கூந்தலும் வெட்டப்பட்டது. தாம் இழந்த கூந்தலை அவர் ஜோவுக்கு விற்பனைப் பொருளாகக் கொடுத்தார். தாம் கண்ட போரைத் தந்தையாருக்குக் கொடுத்தார். பெண்களுக்கு எஞ்சியது காத்திருத்தல். அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்டு, தப்பியோடி வந்த அடிமைக்கு அடைக்கலமும் கொடுத்த குடும்பம் அது. எனினும் போர் எதற்காக நிகழ்கின்றது என்பது குறித்து முதற் பாகம் ஏறத்தாழ வாய் திறப்பதில்லை.

அல்கொற்றுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. 1851இல் ஏழு வாரம் வேலைக்காரியாக உழைத்து நான்கு டொலர் கூலி பெற்றவர் அவர். அவரது தாயார் பொஸ்ரனில் வறியோர் வீடுகளுக்குச் சென்று உதவுவதையே சம்பளத் தொழிலாகக் கொண்டிருந்தவர். சிறுமியருக்கு ஒரு கதை வேண்டுமெனப் பதிப்பாளர் கேட்டார். கடன்பட்ட குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு லூயிசாவின் தலையில் இருந்தது. விருப்பமின்றியே எழுதத் தொடங்கினார். வீட்டுக்காரரான டீக்கனைச் சிறுமியர் புத்தகத்தில் நிறுத்தினால் அப்புத்தகத்தை ஞாயிறு பாடசாலைகள் வாங்குமா என்ற எண்ணம் அவருக்கு எழுந்திருக்கலாம். இது என் ஊகம். கூந்தலின் விலையையும் பாடஞ் சொல்லும் பெண்ணின் சலிப்பையும் மறைக்காமல் எழுதிய பேனா அது என்பதும் உண்மை. ஆகவேதான் நண்பரின் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. இந்நூலை நாட்குறிப்போடு சேர்த்து மறுபடியும் படிப்பிக்க எண்ணியுள்ளேன்.

மாணவியின் கேள்விக்கு விடை 1869இல் வந்த இரண்டாம் பாகத்தில் இருக்கின்றது. மெக் புதுக்குடித்தனம் தொடங்கிச் சமையல் பழகுகிறாள். அடிக்கடி பண்டங்கள் பழுதாகிப் போகின்றன. கணவன் கண்ணிற் படாதபடி அவற்றை மூட்டையாகக் கட்டி வேலைக்காரச் சிறுமியிடம் கொடுத்தனுப்புகிறாள். அவற்றைத் தின்று தீர்க்கும் பிள்ளைகளாக, வேடிக்கையான ஒரு வாக்கியத்தின் கடைசியில், ஹம்மல் குழந்தைகள் மீண்டும் வருகின்றனர்.