கோட்டம் எடுக்கும் கை

பழைய மவுண்டன் பைக்கை வாங்கிக்கொண்டு சைக்கிள் கடைக்கு வருகிறவர்கள் முதலில் புகார் சொல்வது பெரும்பாலும் முன் பிரேக்கைப் பற்றித்தான். உரசுகிறது, கத்துகிறது, அழுத்தினால் ஹேண்டில்பார் உதறுகிறது. சுமாரான மெக்கானிக் உடனே அலன் கீயை எடுத்து கேபிளைத் தளர்த்திவிடுவார். உரசல் நின்றுபோகும், வண்டி நிற்பதுதான் சந்தேகம்.

நான் ரசிக்கும் மெக்கானிக் வேறு ரகம். எந்தக் கருவியையும் அவர் தொடமாட்டார். முன்சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்று சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் இருக்கும் இடுக்கையே பார்த்துக்கொண்டு நிற்பார். “பிரேக்கை விடு தம்பி, வீலைப் பாரு” என்பார்.

அவர் பார்க்கும் வரிசையே அழகு. முதலில் ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைப்பார். லொடலொடத்தால் ஹப்பில் கோன் தளர்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மற்றதைத் தொடுவது வீண். அடுத்து, முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் தள்ளுவார். ஹேண்டில்பாருக்குக் கீழே ‘டக்’ என்று ஒரு ஆட்டம் விரலில் தட்டுப்பட்டால், உதறலுக்குக் காரணம் ஹெட் ரேஸாகவும் இருக்கலாம். ரிம் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றால் சக்கரத்தைக் கழற்றி, இடம் வலம் மாற்றி மாட்டுவார். ஒதுங்கல் மறுபக்கம் போய்விட்டால் குற்றம் சக்கரத்தில். அதே பக்கம் நின்றால் ஃபோர்க்கில். காசு செலவில்லாத இந்தச் சோதனைக்கு ஈடாக நான் எதையும் பார்த்ததில்லை.

சுற்றும்போது ரிம் அலைந்தால்தான் கோட்டம். நிப்பிள் சாவி அப்போதுதான் வெளியே வரும். முன்சக்கரத்தில் வழக்கமாக 32 அல்லது 36 போக்ஸ் கம்பிகள். பாதி ஹப்பின் இடப்பக்கம், பாதி வலப்பக்கம். இரண்டும் ரிம்மைத் தத்தம் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. ரிம் வலப்பக்கம் சாய்ந்திருக்கும் இடத்தில் இடக்கம்பியை இறுக்கி, பக்கத்து வலக்கம்பியை அதே அளவு தளர்த்த வேண்டும். இறுக்க மட்டும் தெரிந்தவர் கையில் சக்கரம் நேராகிக்கொண்டே மேலும் கீழும் துள்ள ஆரம்பித்துவிடும்.

சாக்பீஸை ஃபோர்க்கில் அண்டக் கொடுத்துச் சக்கரத்தைச் சுற்றுவார். ரிம் புடைத்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழும். அங்கே கால் சுற்று. வழக்கமான நிப்பிளில் அங்குலத்துக்கு 56 புரி என்பதால், கால் சுற்றுக்குக் கம்பி நகர்வது ஏறக்குறைய 0.11 மில்லிமீட்டர்தான். அந்தக் கால் சுற்றிலும் ஒரு நுட்பம் உண்டு. நிப்பிள் திரும்பும்போது கம்பியும் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். அதனால் தேவைக்கு ஒரு துளி கூடுதலாகத் திருப்பி, அந்தத் துளியைத் திரும்ப எடுப்பார். இதைச் செய்யாத சக்கரம் கடையில் நேராக நிற்கும். தெருவில் ஏறி மிதித்ததும் ‘டிங் டிங்’ என்று கம்பிகள் முறுக்கு அவிழ்ந்து, பழைய கோணல் எட்டிப்பார்க்கும்.

நடுநடுவே கம்பிகளை விரலால் சுண்டிக் கேட்பார். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சத்தம் தர வேண்டும். மந்தமாக ஒலிப்பது தளர்ந்த கம்பி. மிருதங்கத்தின் வாரைச் சுற்றித் தட்டிச் சுருதி சேர்ப்பவர் முகத்தில் இருக்கும் அதே பாராமுகம் இவரிடமும் இருக்கும். கண் எங்கேயோ, காது இங்கே. இந்த இழுவிசையில்தான் சக்கரமே நிற்கிறது. நம் பாரம் ஏறும்போது தரையை ஒட்டிக் கீழே இருக்கும் சில கம்பிகளின் இழுப்பு குறைகிறது. ஏற்கெனவே தளர்ந்த கம்பிக்குக் குறைய இழுப்பே இல்லை. நிப்பிள் மெல்லக் கழன்றுகொள்ளும்.

சக்கரம் நேரான பிறகுதான் பிரேக்குக்கு வருவார். 1996-ல் ஷிமானோ கொண்டுவந்த வி-பிரேக்குதான் பழைய மவுண்டன் பைக் பலவற்றில் இருக்கிறது. இரு கைகளிலும் உள்ள சிறு ஸ்பிரிங் திருகால் இரண்டு கட்டைகளையும் சம தூரத்தில் நிறுத்துவார். கத்துகிற பிரேக்குக்கு, கட்டையின் முன்முனை முதலில் ரிம்மைத் தொடும்படி பின்முனையில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விடுவார். பத்து நிமிட வேலை. மவுண்டன் பைக்கின் பூர்வீகமே பிரேக் தொந்தரவுதான் என்பது வேறு கதை. 1976-ல் கலிபோர்னியாவின் மெரின் மலைச்சரிவில் தொடங்கிய பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர் வந்ததற்குக் காரணம், இறங்கி முடிப்பதற்குள் பின் ஹப் பிரேக்கில் கிரீஸ் புகைந்து தீர்ந்துபோவதும், மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டியிருப்பதும்தான்.

டிஸ்க் பிரேக் வண்டியில் கதை சுருக்கம். தகடு கோணி உரசினால் கம்பியைத் திருப்பிப் பயனில்லை. தகட்டைத்தான் நிமிர்த்த வேண்டும். பேடில் எண்ணெய் ஊறியிருந்தால் மாற்றிவிடுவதே உத்தமம்.

எல்லாம் முடிந்ததும் ரிம்மில் கட்டை உரசும் பட்டையை விரலால் தடவிப் பார்ப்பார். அது உள்வாங்கிக் குழிந்திருந்தால், காற்றின் அழுத்தத்தில் சுவர் என்றாவது வெடித்துப் பிளக்கும். அப்போது, தான் நேராக்கிய சக்கரத்தையே ஓட்டாதே என்று சொல்லிவிடுவார். புது ரிம்முக்கு அளவையும் அவரே எழுதிக் கொடுப்பார்: 559. வெறும் ‘26 இன்ச்’ என்று கேட்டு வாங்கி வந்தால் வேறு டயருக்கான ரிம் வந்து சேர இடமுண்டு.