திண்ணையும் மண்டபம் முகாமும்

வெளிநாடு போய் வந்து நம்மவர் எழுதும் பயணக் கட்டுரைகளில் இரண்டு சமாசாரங்கள் தவறாமல் வரும். ஒன்று, சுங்க அதிகாரி ஊறுகாய் ஜாடியைத் திறந்து முகர்ந்து பார்த்தது. மற்றது, அந்த ஊரில் வீட்டுக் கதவைப் பூட்டுவதே இல்லை என்ற ஆச்சரியம். முன்னதில் கோபம், பின்னதில் பக்தி. ஒரே ஜனங்களிடம் இவ்விரண்டும் எப்படிச் சேர்ந்து இருக்கின்றன என்று ஆசிரியர் கேட்பதில்லை. பயண இலக்கியத்தின்மேல் எனக்குள்ள குறை அதுதான்.

ஐரோப்பாவையே பாருங்கள். 1985-ல் ஷெங்கன் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1995-லிருந்து தங்களுக்குள் சோதனைச் சாவடிகளை எடுத்தார்கள். அதற்கு ஈடாக வெளி எல்லையில் காவல் இறுகியது. கதவு திறந்தது தெரிந்தவர்களுக்கு.

இதைக் காணக் கடல் தாண்டவும் வேண்டாம். 1914-ல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கிய பின், தோட்டக் கூலிகளாய்ப் போன நம் ஜனங்களை மண்டபத்தில் நிறுத்தினார்கள். முகாம் இந்திய மண்ணில்; நடத்தியது இலங்கை அரசு. நாள் கணக்கில் அடைத்துவைத்து, அம்மை குத்திய பிறகே கப்பல். முதல் வகுப்புப் பிரயாணிக்கு அந்த வாசம் கிடையாது. அவர் எழுதும் கட்டுரையில் முகாம் எப்படி வரும்? புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் தேயிலைத் தோட்டம் வரை போனார். கதைக்காரர் போன தூரம் கட்டுரைக்காரர் அநேகர் போகவில்லை. 1983-க்குப் பின் அதே முகாமில், எதிர்த்திசையில் வந்த அகதிகளை நம் அரசு வைத்தது.

சரி, நம் வீடு? பூந்தமல்லியில் எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணையில், பெங்களூர்ச் சாலையில் வந்த வழிப்போக்கன் யாரையும் கேட்காமல் மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொள்வானாம். இதைப் பெருமையாக நானே எழுதியிருக்கிறேன். திண்ணை ஏறாமல் தெருவிலேயே நின்று கூலி வாங்கிப் போனவர்களைப் பற்றி எழுதவில்லை. ரேழியைத் தாண்டவும் ஜாதி என்ற பாஸ்போர்ட் வேண்டியிருந்தது. சுங்க அதிகாரியைப் பரிகசிக்க எனக்கு என்ன யோக்கியதை?

அந்த வீடு இப்போது அடுக்குமாடி. வாசலில் காவல்காரர், மேஜைமேல் ஒரு நோட்டுப் புத்தகம். போன வாரம் சிநேகிதரின் காரில் போன எனக்கு சலாம் போட்டு கேட்டைத் திறந்துவிட்டார். பின்னாலேயே ஸ்கூட்டரில் சாப்பாட்டுப் பை கொண்டு வந்த பையனை நிறுத்தி, பெயர், எந்த வீடு, டெலிபோன் நம்பர் எல்லாம் எழுதச் சொன்னார். பையனுக்குத் தமிழ் தெரியவில்லை. காவல்காரரே ஹிந்தியில் கேட்டு எழுதிக்கொண்டார். அவரும் பீகார்தானாம்.