அம்பிகாபதி: திரையிற் குன்றிய காதல்

கம்பர் மகன் அம்பிகாபதிக்கும் சோழன் மகள் அமராவதிக்கும் இடையே மலர்ந்த காதல் செவிவழிக் கதையேயன்றி வரலாறன்று. ஆயினும், அவலச்சுவைக்கு அதனினும் தக்க பொருள் தமிழில் அரிது. காமச்சுவை கலவாது நூறு பாடல் பாடின் அவன் உயிர் பிழைக்கலாம். காப்புச் செய்யுளையும் எண்ணிக்கையிற் சேர்த்த அமராவதி, நூறும் நிறைந்ததென எண்ணி முகங்காட்டுகின்றாள். அவன் அவளைப் பாடி உயிரிழக்கின்றான். அவனைக் கொன்றது வாளன்று, காதலின் ஆர்வமே.

1937இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் தியாகராஜ பாகவதர் நடித்த இக்கதை, 1957இல் ப. நீலகண்டன் இயக்கத்தில் மீண்டும் படமாயிற்று. சிவாஜி கணேசன் நடிப்பு, பானுமதியின் குரல், ஜி. இராமநாதன் இசை ஆகிய யாவும் வாய்த்திருந்தும் பிந்திய படம் நிறைவு தரவில்லை. ஏன்? பாடல்கள் தனித்தனியே இனிக்கின்றன. ஆனால், நா இறைவனைப் பாட நெஞ்சம் காதலியை நாடும் போராட்டமன்றோ இக்கதைக்கு உயிர்? அவ்விடத்திற் படம் இசையரங்காகின்றது. முடிவிற் கண்ணீர் வருகின்றது. அதற்கு முன் எழவேண்டிய அச்சம் எழவில்லை.

மிதிலைக் காட்சியில் இருவர் நோக்கொன்றிய கணத்தைச் சில செய்யுளிற் காட்டினார் கம்பர். மகன் கதையைத் திரையிற் கண்ட மாணவர், தந்தையின் காவியத்தையும் ஒருமுறை திறப்பாராக.