திருப்புளியும் விசைத்தறியும்

புதிய பொருளை வடிவமைப்பது பிறவி மேதைகளுக்கே கைவரும் என்று பலர் எண்ணுகின்றனர். அதைப் படிப்படியாகக் கற்பிக்க முடியும் என்று காட்டும் பாடநூல்களுள் ஒன்று, அமெரிக்கப் பேராசிரியர்கள் கார்ல் உல்ரிச், ஸ்டீவன் எப்பிங்கர் எழுதிய ‘பொருள் வடிவமைப்பும் உருவாக்கமும்’ என்னும் ஆங்கில நூல். முதற்பதிப்பு 1995இல் வெளிவந்தது. நம் பொறியியல் மாணவர்களும் பயிலும் இந்நூலின் நிறைகுறைகளைச் சற்று ஆராய்வோம்.

தேவையறிதல், அளவுகளை வரையறுத்தல், பல யோசனைகளை உருவாக்குதல், அவற்றுள் சிறந்ததைத் தேர்தல், மாதிரி செய்து சோதித்தல் என நூல் ஒழுங்காகச் செல்கிறது. தேவையறிதல் பற்றிய இயலே இதன் சிறப்பு. முந்தைய பதிப்புகளில் மின்கலத்தால் இயங்கும் திருப்புளி அங்கே எடுத்துக்காட்டாக இருந்தது. ‘மின்கல முனைகளைச் சுற்றி மறைப்பு வைத்தால் என்ன?’ என்கிறார் ஒருவர். ‘மறைப்பு தேவை’ என்று குறித்துக்கொள்வது பிழை. ‘தற்செயலான குறுக்குச்சுற்றிலிருந்து மின்கலம் காக்கப்படுகிறது’ என்று எழுதவேண்டும். முன்னது ஒரே விடையில் நின்றுவிடும். பின்னது பல விடைகளுக்கு இடம் தரும்.

இதை நம் ஊர்த் தொழிலில் பொருத்திப் பாருங்கள். திருவள்ளூர் மாவட்டம் ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி நெசவு நடக்கிறது. அங்கே ஒரு நெசவாளர், “தம்பி, தறிக்கு மேலே இன்னொரு விளக்கு போட்டா நல்லா இருக்கும்” என்று கூறுவதாகக் கொள்வோம். அவருடைய தேவை விளக்கா? பாவு இழை அறுந்தால் உடனே தெரியவேண்டும் என்பதே தேவை. விளக்கு ஒரு விடை. இழை அறுந்ததும் தறியை நிறுத்தும் அமைப்பு மற்றொரு விடை.

இனி, குறை. பயனர், விற்பவர், பழுதுபார்ப்பவர் ஆகியோரைக் கேட்கவேண்டும் என்று நூல் சொல்லாமல் இல்லை. ஆயினும் அப்பதிப்புகள் விரித்துரைத்த திருப்புளி, பெரும்பாலும் வாங்குபவரே கையாளும் பொருள். நம் நாட்டில் பல பொருள்கள் அப்படியல்ல. பணம் போடுபவர் தறி உரிமையாளர், ஓட்டுபவர் வேறொருவர், பழுதுபார்ப்பவர் மூன்றாமவர்.

‘இந்தியா மார்க் 2’ அடிபம்பை எண்ணிப் பாருங்கள். ஒரு குடும்பத்தின் அளவுக்கு அமைந்த வார்ப்பிரும்புப் பம்புகள், ஊரே தண்ணீர் அடித்தபோது உடைந்தன. அதனால் 1970களில் உறுதியான எஃகுப் பம்பு உருவாக்கப்பட்டு, கோயம்புத்தூர்ப் பகுதியில் சோதிக்கப்பட்டது. உடையாமை கிடைத்தது, ஆனால் உள்ளிருக்கும் உந்துதண்டைப் பழுதுபார்க்கக் குழாய்களையே வெளியே தூக்கவேண்டியிருந்தது. குழாயைத் தூக்காமலே அதை எடுக்கக்கூடிய ‘மார்க் 3’ பின்னரே வந்தது. தண்ணீர் எடுப்பவரின் தேவை முதலில் நிறைவேறியது. பழுதுபார்ப்பவரின் தேவை காத்திருந்தது. இத்தகைய வரலாறு ஒன்று பாடநூலில் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

மற்றொரு தீங்கு நூலினுடையதன்று, அதைக் கற்பிக்கும் வகையினுடையது. தேவைப் பட்டியலை விடுதி அறையிலேயே கற்பனையாக எழுதி, முன்பே மனத்தில் வைத்த யோசனைக்கு மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டால் அட்டவணை அழகாகத்தான் இருக்கும்; பொருள் பயன்படாது.

ஆகவே மாணவர்களே, இந்நூலைப் படியுங்கள். ஆனால் அட்டவணையை நிரப்புமுன் தறிக்கூடத்துக்குச் செல்லுங்கள். ஓட்டுபவரை மட்டுமன்றி, பழுதுபார்க்க வருபவரையும் கேளுங்கள்.