அணை யார் கையிலயோ, மொஹாவே அவங்க கையில

கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. வருஷம் 2281. 2077 அக்டோபர் 23ஆம் தேதி ரெண்டே மணி நேரத்துல உலகத்தைச் சாம்பலாக்கின அணுகுண்டுப் போர் முடிஞ்சு இருநூறு வருஷம் தாண்டியாச்சு. நீங்க ஒரு கூரியர். தலையில சுட்டு, குழியில போட்டு மூடியும் சாகாம எந்திரிச்சு வந்திருக்கீங்க. குட்ஸ்பிரிங்ஸ்னு ஒரு சின்ன ஊர், சுத்தியும் நெவாடாப் பொட்டல். பொழுது சாய்ஞ்சப்புறம் கல்லறை மேட்டுல ஏறி வடக்க பார்த்தா இருட்டுக்குள்ள ஒத்தைக் கோபுரம் ஜொலிக்குது. அதான் லக்கி 38, அதான் வேகாஸ்! உங்களைச் சுட்ட பென்னி அங்கதான் போயிருக்கான். எட்டி நடந்தா போயிறலாம்னு தோணுதா? போங்க பார்க்கலாம். வழியில குவாரி ஜங்ஷன்ல டெத்க்ளாங்கற ராட்சசப் பிராணிக் கூட்டம் ஒரே அறையில உங்களைத் திரும்பக் குழிக்கே அனுப்பிரும்.

அதனால தெற்க திரும்பறீங்க. அங்கதாங்க இந்த ‘ஃபால்அவுட்: நியூ வேகாஸ்’ என்னை மொத்தமா முழுங்குச்சு. 2010 அக்டோபர்ல வந்த ஆட்டம், அப்ஸிடியன் கம்பெனி ஒன்றரை வருஷத்துல பண்ணினது, ஜோஷ் சாயர்னு ஒரு மனுஷன் இயக்கினது. இன்னிக்கும் யாராச்சும் “வீடியோ கேம்தானே?”ன்னு இளக்காரமா கேட்டா, பனியன் கம்பெனியில ஒன்றரை ஷிப்ட் முடிச்ச அலுப்பைக்கூட மறந்துட்டு, கட்டிங் டேபிள் மேல சாக்பீஸ்ல மொஹாவே பாலைவன மேப்பை வரைஞ்சு காட்ட ஆரம்பிச்சிருவேன். பைத்தியம்னு நினைச்சா நினைச்சுக்கட்டும்!

அந்தச் சுத்துவழியைப் பாருங்க, அது வழியே இல்லீங்க, அரசியல் வகுப்பு! முதல்ல பிரிம், ஜெயில்ல இருந்து தப்பிச்ச கைதிங்க புகுந்து ஷெரீஃபைக் கொன்ன ஊரு, சட்டத்தை யார்கிட்ட கேட்கறதுன்னு ஜனம் தவிக்குது. அங்கிருந்து மேடேறினா மொஹாவே அவுட்போஸ்ட், ரெண்டு ரேஞ்சருங்க கைகுலுக்கற பிரமாண்டமான சிலை, மேல ரெட்டைத்தலைக் கரடிக் கொடி, அதான் புதிய கலிஃபோர்னியா குடியரசு, சுருக்கமா என்.சி.ஆர்., 1997ல வந்த முதல் ஆட்டத்துல ஷேடி சாண்ட்ஸ்னு மண்சுவர் கிராமமா இருந்ததுதான் இப்ப தேர்தல், வரி, பட்டாளம்னு ராஜ்யமாகி நிக்குது, ஆனா வணிகர் வண்டியெல்லாம் அனுமதிக்காகக் காத்துக் கெடக்குது! அப்புறம் கிழக்க நிப்டன், டயர் எரியற புகை, தெரு நெடுக சிலுவையில மனுஷங்க, லாட்டரி போட்டு ஊரையே அழிச்சிட்டு மிருகத்தலை மாட்டின ஒருத்தன் சாவகாசமா வந்து உங்ககிட்டப் பேசறான் பாருங்க, எனக்கு மவுஸ் பிடிச்ச கையே நடுங்கிருச்சு! அதான் சீசரோட லீஜியன், 86 பழங்குடிக் கூட்டங்களை அடக்கி அடிமையாக்கின படை, கொலராடோ ஆத்துக்கு அக்கரையில இருந்து வந்திருக்கு. யாரும் உட்கார வெச்சு வரலாறு சொல்லலீங்க, நடந்து நடந்தே எல்லை எங்கே, பயம் எங்கே, வரி எங்கேன்னு காலுக்கே தெரிஞ்சு போகுது!

எல்லாச் சண்டையும் எதுக்கு? ஹூவர் அணைக்கு. நிஜத்துலயே இருக்கற அணை, 1936ல கட்டி முடிச்சது, 726 அடி உசரம். ஆட்டத்துல 2277லயே அதுக்கு ஒரு போர் நடந்து, போல்டர் சிட்டி தரைமட்டமாகி, என்.சி.ஆர். ஜெயிச்சுது. அணையில வர்ற கரண்டுல 95 பங்கு அவங்களுக்கு, 5 பங்கு வேகாஸ் ஸ்ட்ரிப்புங்கற சூதாட்டத் தெருவுக்குன்னு, லக்கி 38ல உட்கார்ந்து வேகாஸை ஆள்ற மிஸ்டர் ஹவுஸ் ஒப்பந்தம் போட்டிருக்காரு. ஸ்ட்ரிப்புல விளக்கு மின்னுது, மதிலுக்கு இந்தப்புறம் ஃப்ரீசைடுல குப்பை மேடு. உள்ள போகணும்னா பாஸ்போர்ட் வேணும், இல்லாட்டி 2,000 மூடி காட்டணும். ஆமாங்க, சோடா பாட்டில் மூடிதான் காசு, அதுக்கு மதிப்பே தண்ணியை ஈடா வெச்சதாலதான்!

தண்ணிக்கும் கரண்டுக்கும் நடக்கற இந்தச் சண்டையை நொய்யல் கரைக்காரனுக்கு விளக்கிச் சொல்லணுமாங்க? ஒரத்துப்பாளையத்துல பாசனத்துக்குன்னு அணை கட்டி, அதுல நம்ம சாயத்தண்ணி தேங்கி, கடைமடை விவசாயிங்க கோர்ட்டுக்குப் போயி, 2011 ஜனவரியில உயர் நீதிமன்றம் சாயப்பட்டறை அத்தனையையும் மூடச் சொன்னதைப் பார்த்தவங்க நாம. அடுத்த வருஷம் மணிக்கணக்கா கரண்ட் கட்டு, ஜெனரேட்டர் டீசல் செலவுல பனியன் கம்பெனிக்காரங்க கண்ணு பிதுங்குச்சு. அந்த நேரத்துலதான் நான் ஆட்டத்துல ஹீலியோஸ் ஒன்னுக்குப் போறேன், சூரிய மின்நிலையம், கண்ணாடி கண்ணாடியா பாலைவனம் பூரா மின்னுது, உள்ள போயி கோபுரத்துல ஏறினா கடைசியில கம்ப்யூட்டர் கேட்குது: கரண்டை யாருக்கு அனுப்பறது? பட்டாளத்துக்கும் ஸ்ட்ரிப்புக்குமா, ஃப்ரீசைடு பக்கத்து ஏழைகளுக்கா, எல்லாருக்குமா? அட சாமி! கரண்ட் இல்லாத ஊர்ல யுபிஎஸ் கீச்சுக் கீச்சுன்னு கத்தக் கத்த உட்கார்ந்து இன்னொரு உலகத்துக்குக் கரண்ட் பங்கு போடறேன், நெஞ்சு அடிச்சுக்குது, “எல்லாருக்கும்!”னு வாய்விட்டுக் கத்தி அமுக்கினேன், கண்ணாடியெல்லாம் திரும்புது, நான் நாற்காலி மேல நிக்கிறேன், வீட்ல எல்லாரும் எந்திரிச்சு வந்துட்டாங்க!

இன்னொண்ணு, இதைச் சொல்லாம விட முடியாது. என்.சி.ஆர். குத்தகைப் பண்ணையில தண்ணி குறையுது, ஏன்னு தேடிப் போனா பக்கத்து வெஸ்ட்சைடு ஏழைங்க தங்களோட கூட்டுறவுத் தோட்டத்துக்குக் கள்ளத்தனமாத் திருப்பியிருக்காங்க, அதை மறைக்க ஒரு கொலை வேற. சொல்லிக் குடுப்பீங்களா, மறைப்பீங்களா? பண்ணைக்காரனும் பாவம், தோட்டக்காரனும் பாவம். ராத்திரி தூக்கம் போச்சு, மறுநாள் செக்கிங்ல பீஸைப் புரட்டிக்கிட்டே இதையே யோசிச்சேன்!

குறையா? ஆட்டம் நடுவுல தொங்கிரும், சேவ் பண்ணிக்கிட்டே இருக்கணும். லீஜியன் ஆள்ற அரிஸோனாவைக் கண்ணுல காட்டவே இல்லை. சரி விடுங்க, அதெல்லாம் ஒரு குறையா!

கடைசியில ரெண்டாவது ஹூவர் அணைப் போர் வருது, நீங்க யார் பக்கம் நிக்கறீங்களோ அந்தக் கொடிதான் மேல பறக்கும், கரடியும் பறக்கலாம், லீஜியனோட காளையும் பறக்கலாம், ஹவுஸோட ரோபோப் படையும் ஏறலாம், இல்லை யாருக்கும் இல்லாம நீங்களே பிடிச்சுக்கலாம். அப்புறம் குட்ஸ்பிரிங்ஸ், பிரிம், நோவாக், ஃப்ரீசைடுன்னு ஒவ்வொரு ஊருக்கும் உங்களால என்ன ஆச்சுன்னு வரிசையா வரும் பாருங்க, அதுல ஒரு ஊர் வாழ்ந்தா இன்னொண்ணு தேயும்! ஆடிட்டு வாங்க. அணையை யார்கிட்டக் கொடுத்தீங்கன்னு சொல்லுங்க, விடிய விடிய சண்டை போட நான் ரெடி.